நாலு என்று கையெழுத்துப் போட்டவள்

பட்டாபிராம்
9.2.2026

ராதிகா,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே கிழித்துவிடுவாயோ என்று முகவரியை உன் அண்ணனை விட்டு எழுதச் சொன்னேன். உள்ளே இருப்பது உன் அண்ணி தாட்சாயிணிதான். ஒரு பக்கமாவது படி, அப்புறம் கிழி.

"போன்லயே பேசிடேன்" என்றார் உன் அண்ணன். நாம் போனில் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்வாய், என் குரல் ஏறும், நீ பட்டென்று வைத்துவிடுவாய். போன வைகாசியில் கிரகப்பிரவேசத்தன்று ஏறின குரலே இன்னும் இறங்கியபாடில்லை. எழுதினால் குறுக்கே பேச ஆள் கிடையாது. ஆபீஸ் மெயிலைத் தொடவே முடியாது, அதை இப்போது பலபேர் பார்க்கிறார்கள். காரணம் கீழே இருக்கிறது.

சமாதானம் பேசுவதற்காக எழுதவில்லை. உதவி கேட்டு எழுதுகிறேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஸ்பிரிங் கம்பெனியில் சர்வரைப் பார்த்துக்கொள்வதிலிருந்து பிரிண்டரில் சிக்கின பேப்பரை உருவுவது வரைக்கும் நான் ஒருத்திதான் என்று உனக்குத் தெரியும். ஸ்டாக், டெலிவரி, சம்பளம் எல்லாம் ஒரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் ஓடுகிறது. முன்பெல்லாம் அதன் லைசென்ஸ் ப்ராசசர் கணக்கு. மெஷினுக்குள் ஒரு ப்ராசசர், அதற்கு ஒரு லைசென்ஸ், தீர்ந்தது. போன வருஷம் புதுப்பிக்கப் போனால், இனி ப்ராசசருக்குள் எத்தனை கோர் வேலை செய்கிறதோ அத்தனைக்கும் லைசென்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். அதே நேரம் பார்த்து எங்கள் முதலாளி சுப்பராயன் ஐயா செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய சர்வரை வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். ப்ராசசர் ஒன்றுதான். உள்ளே கோர் பதினாறு.

பதினாறுக்கும் லைசென்ஸ் வாங்கினால் கம்பெனி தாங்காது. ஒப்பந்தத்தில் ஒரு வழி இருந்தது. மெஷினின் அடிப்படை செட்டிங்கிலேயே அணைத்து வைத்த கோர்களை எண்ண மாட்டார்கள். நான் பன்னிரண்டை அணைத்துவிட்டு நாலை விட்டேன். வேறு யாரும் கை வைக்கக் கூடாதென்று அந்த செட்டிங்குக்குப் பாஸ்வேர்டும் போட்டேன். "இயங்குவது நாலு கோர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து அரவிந்தன் என்று ஒருவர் ஆடிட்டுக்கு வந்தார். எண்ணுகிற புரோகிராமை ஓட்டினார். பதினாறு என்று வந்தது. என்னையே ஓட்டச் சொன்னார். பதினாறு. சுப்பராயன் ஐயா எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, நாலுன்னு எயுதி கையெயுத்து போட்டது நீ. இன்னா, நடுவுல பேய் வந்து பதினாறா மாத்திச்சா?"

மார்ச் ஆறாம் தேதி அரவிந்தன் திரும்ப வருகிறார். அதற்குள் நான் விளக்கம் சொல்ல வேண்டும். வேலை போனால் வீட்டு லோனில் என் பாதி நின்றுபோகும், அதுகூடப் பரவாயில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்ற பேரோடு போனால் இந்த எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி என்னை உள்ளே விடும்?

கம்பெனி கம்பெனியாகப் போய் லைசென்ஸ் எண்ணுவதுதான் உன் வேலை. எனக்குத் தெரிந்தவர்களில் இதெல்லாம் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். அது என் தலையெழுத்து. இரண்டு வரியாவது எழுதிப் போடு.

தாட்சாயிணி


பெங்களூரு
13.2.2026

அண்ணி,

கிழிக்கவில்லை. அண்ணன் கையெழுத்தில் தபால் வந்ததும் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று பயந்துபோனேன். அடுத்த முறை நீங்களே எழுதுங்கள்.

கிரகப்பிரவேசத்தைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. எழுத நிறைய இருக்கிறது.

நான் எண்ணுவது வேறு கம்பெனியின் சாஃப்ட்வேர். அதனால் உங்களுக்கு யோசனை சொன்னால் என் வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

முதலில் உங்கள் முதலாளிக்குக் கணக்கைப் புரிய வையுங்கள். விஷயம் புரியாத ஆள்தான் அதிகமாகப் பயப்படுவார், பயந்தவர் முதலில் கையருகே இருப்பவரைத்தான் பிடிப்பார். அவர் அந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். கோயில் வரி தெரிந்திருக்கும். காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். முன்பு திருவிழாவுக்கு வாசலுக்கு ஒரு வரி. எங்கள் வீட்டில் அப்பா, பெரியப்பா, சித்தப்பாக்கள் என்று நாலு பேரும் குடும்பத்தோடு ஒரே வாசலுக்குள் இருந்தார்கள், ஒரு வரிதான் கொடுத்தார்கள். அப்புறம் ஊர் கூடி, கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, இனி தலைக்கட்டுக்கு ஒரு வரி என்று மாற்றினார்கள். வாசல் அதே வாசல், வரி நாலானது. பெரியப்பா பஞ்சாயத்தில் துண்டை உதறிவிட்டு வந்தார். ப்ராசசர் என்பது வாசல். கோர் என்பது தலைக்கட்டு. துபாயில் இருந்த இன்னொரு சித்தப்பாவை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவைத்தார்கள். ஒரு வருஷம் அவர் லீவில் வந்து தேர் வடத்தைப் பிடித்தார். மறுநாளே அவருக்கும் சேர்த்து வரி கேட்டு ஆள் வந்தது. அணைத்து வைத்த கோர் அந்த மாதிரி. இல்லாதவரை கணக்கில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது, அந்த மெஷின் எப்போதிலிருந்து வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பது. திடீரென்று வேகமாக ஓடியதா? கடைசியாக எப்போது முழுக்க மின்சாரம் இல்லாமல் இருந்தது? யோசித்து எழுதுங்கள், அவசரம் இல்லை. அவசரம் இருக்கிறது, ஆனாலும் யோசித்து எழுதுங்கள்.

அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ராதிகா


பட்டாபிராம்
17.2.2026

ராதிகா,

உன் கடிதத்தை ஆவடி வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். அவசரம் இல்லை, அவசரம் இருக்கிறது என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பல நாள் கழித்துச் சிரித்தேன், அதற்கு நன்றி.

தலைக்கட்டுக் கதையைச் சொன்னேன். சுப்பராயன் ஐயா கேட்டுக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? எங்க ஊர்லயும் இதே தகராறுதான்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மூன்று வாய் டீ குடித்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டார்: "சரி, அப்போ துபாய் சித்தப்பாவ இட்டுகினு வந்தது யாரு? பாஸ்வேர்டு உங்கையில தான கீது?"

பார்த்தாயா, புரிய வைத்ததில் கயிறு என் கழுத்துக்கு நேராகவே வந்து நிற்கிறது. பன்னிரண்டு கோர் தானாக எழுந்து வராது, எழுப்ப பாஸ்வேர்டு வேண்டும், பாஸ்வேர்டு என்னிடம். நானே ஆடிட்டராக இருந்தால் என்னைத்தான் பிடிப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ கேட்டது சரி. தீபாவளிக்கு முன்னாலிருந்து ரிப்போர்ட் எல்லாம் சரசரவென்று வந்தது. அதற்கு முன் ஸ்டாக் ரிப்போர்ட் போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம். அதற்காக ஐயாவிடம் நான் வாங்கின திட்டு கொஞ்சமில்லை. செப்டம்பரில்தான், ஓடுகிற மெஷினை நிறுத்தாமலே, புது ஹார்ட் டிஸ்க் போட்டேன். அதனால்தான் வேகம் என்று நானும் நினைத்தேன், எல்லாரும் நினைத்தார்கள். தீபாவளிக்கு எனக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார் ஐயா. இப்போது அதையே திருப்பிச் சொல்கிறார்: "திட்டு தாங்காம தொறந்து வுட்டுட்ட, அப்டித்தான?"

மின்சாரம் இல்லாமல் இருந்ததே கிடையாது. பெரிய யூபிஎஸ் இருக்கிறது, கரண்ட் போனாலும் சர்வருக்குத் தெரியாது.

நேற்று கூப்பிட்டு உட்கார வைத்து நல்லவிதமாகத்தான் பேசினார். வேகத்துக்காக நானே திறந்துவிட்டேன், முதலாளிக்குத் தெரியாது என்று நான் எழுதிக் கொடுத்தால், கம்பெனி மேல் பழி வராமல் சின்னதாக முடிந்துவிடுமாம். நான் வேறு வேலை தேடிக்கொள்ள இரண்டு மாசம் தருகிறாராம். வெள்ளைப் பேப்பரும் பேனாவும் மேஜையில் வைத்திருந்தார். யோசிக்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன் அண்ணனும், "எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துடு, உடம்பக் கெடுத்துக்காத" என்கிறார். பாவம், அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கோ அந்தப் பேப்பரை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தாட்சாயிணி


பெங்களூரு
20.2.2026

அண்ணி,

பேப்பரைத் தொடாதீர்கள். அண்ணனிடமும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

யூபிஎஸ் என்பது கரண்ட் போனால்தான் உதவும். யாராவது ஒயரையே பிடுங்கினால் உதவாது. தீபாவளிக்கு முன்னால் என்றால் அக்டோபர். அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுத பூஜை. இங்கே எங்கள் ஆபீஸில் ஓடுகிற மெஷினுக்கே ஒரு பூவைச் சொருகிவிட்டுப் பொரி சாப்பிடுவோம். உங்கள் கம்பெனியில் எப்படி? சர்வர் அறையைத் திறந்தது யார்? நீங்கள் அன்றைக்கு இருந்தீர்களா?

மெஷினுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. ஒயர் பிடுங்கியிருக்கும் நேரத்தில் அடிப்படை செட்டிங்கை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். செகண்ட் ஹேண்ட் மெஷின் என்று எழுதியிருந்தீர்கள். அது செத்திருந்தால் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பழையபடி பதினாறோடு எழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கிரகப்பிரவேசம். எழுத மாட்டேன் என்றேன், ஆனால் மூன்று நாளாக மனசில் ஓடுகிறது. பெரியம்மாவிடம் நான் "எங்கண்ணன் ஒத்தையா நின்னு வாங்கின வீடு" என்று சொன்னது பெருமையில். நீங்கள் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்து, "பாதி லோன் என் சம்பளத்துல போவுது, அதையும் சேத்து சொல்லு ராதிகா" என்றீர்கள், அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில். லோனில் பாதி உங்களுடையது என்று சத்தியமாக எனக்கு அன்றைக்குத் தெரியாது. அண்ணன் சொன்னதே இல்லை. இலை போட்டிருந்தார்கள், எனக்கு உட்காரத் தோன்றவில்லை. பூந்தமல்லி வரை ஆட்டோவில் அழுதுகொண்டே போனேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். ஆயுத பூஜைக்குப் பதில் எழுதுங்கள்.

ராதிகா


பட்டாபிராம்
24.2.2026

ராதிகா,

இரண்டுக்கும் பதில் எழுதுவேன், நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு நான் இல்லை. விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், நாலு நாள் லீவு. உன் கடிதம் வந்ததும் நேராக மெயின்டனன்ஸ் பாபுவிடம் போனேன். அவன்தான் வருஷா வருஷம் கம்பெனி முழுக்கப் பூஜை போடுகிறவன். அவன் சொன்னதை அவன் வாயாலேயே கேள்:

"அக்கா, ஆயுத பூஜன்னா மெசினுக்கு ரெஸ்ட்டுக்கா. ஒயர சொருகி வெச்சிகினே பொட்டு வெச்சா அது இன்னா ரெஸ்ட்டு? பிரஸ்ஸு, கம்ப்ரசரு அல்லாத்தையும் புடுங்கினேன். உங்க ரூமுல பொட்டி மட்டும் உர்ருனு ஓடிகினே இருந்துச்சு. இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சுன்னு அதையும் ஆஃப் பண்ணி ஒயர புடுங்கி, தூசி தொடச்சி, சந்தனம் வெச்சேன். ராத்திரி பூரா அப்டியே இருந்துச்சு. மறுநாளு காலீல நல்ல நேரத்துல சொருகினேன். இங்கிலீஷ்ல இன்னாவோ கேட்டுச்சு. எஃப் ஒன் அமுக்குன்னு கீது, அமுக்கினேன். நல்லா தான்க்கா வந்துச்சு?"

நல்லாத்தான் வந்தது. பதினாறும் வந்தது.

அவனைத் திட்ட வாய் வரவில்லை. சர்வருக்கு லீவு விட்ட ஒரே மனுஷன் அவன். இந்த மெஷின் வந்தபின் அதுதான் முதல் ஆயுத பூஜை, ஒயரை யாரும் தொடக் கூடாதென்று நானும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. விஷயம் புரிந்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. "என் வேல பூடுமாக்கா?" என்றான். என் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டப் பார்க்கிறேனோ என்று எனக்கும் உறுத்துகிறது. அதனால் ஐயாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் தனியாகப் போய் ஒயரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, நிச்சயமானதும் சொல்லலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறாய்?

அடுத்தது உன் ஆட்டோ. லோனைப் பற்றித் தங்கைக்கு ஏன் சொல்லவில்லை என்று உன் அண்ணனைக் கேட்டேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே, "சொல்லணும்னு தோணல" என்றார். நாம் இரண்டு பேரும் இத்தனை மாசமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது இந்த மனுஷனுக்குத் தோணாததால். அடுத்த தோசையை நான் ஊற்றவில்லை. அவரே ஊற்றிக்கொண்டார், கருகிவிட்டது.

நான் அன்றைக்குச் சொன்னது சொன்னதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் நீ சாப்பிடாமல் போனது எனக்கு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

தாட்சாயிணி


பெங்களூரு
27.2.2026

அண்ணி,

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன், அதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் என்ன செய்வது என்று அண்ணனுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அவருக்குத் தோன்றி உங்களிடம் சொன்னால் சரி.

தனியாகப் போய்ச் செய்தால், நீங்களே ஏதோ ஏற்பாடு பண்ணி வைத்தீர்கள் என்பார்கள். எங்களை மாதிரி ஆடிட் ஆட்கள் எப்படி யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் யோசிப்பேன். பேட்டரியை மாற்ற வேண்டாம், மூடியைக்கூடத் திறக்க வேண்டாம். ஆறாம் தேதி அரவிந்தன் முன்னால் நாலு கோர் மட்டும் விட்டு, பாஸ்வேர்டு போட்டு, அவரையே எண்ணச் சொல்லுங்கள். அவர் கையாலேயே ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். திரும்பச் சொருகுவதும் அவர் கையாகவே இருக்கட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள். உங்களுக்கு அது கஷ்டம்தான்.

பலிக்காமலும் போகலாம். பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் செட்டிங் அப்படியே நிற்கும். எனக்கே பயமாகத்தான் இருக்கிறது.

பாபுவைப் பற்றி உறுத்திக்கொள்ள வேண்டாம். அவர் செய்தது பூஜை, அதை முதலாளி முன்னால் அப்படியே சொல்லுங்கள். ஆயுத பூஜை போட்டதற்காக ஆளை அனுப்பிவிட்டு அவர் எஸ்டேட்டில் தலை காட்ட முடியாது.

நான் வரவில்லை. வந்தால் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று பேச்சு வரும். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். கத்த மாட்டேன் என்றால் கூப்பிடுங்கள். கத்தினாலும் பரவாயில்லை.

ராதிகா


பட்டாபிராம்
7.3.2026

ராதிகா,

நேற்று போனில் நான் பேசினது ஒன்றும் உனக்குப் புரிந்திருக்காது. அழுகை பாதி, ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் சத்தம் பாதி. நீயும் அழுதாய், மறுக்காதே. முழுசாக எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே எல்லாம். அரவிந்தன், சுப்பராயன் ஐயா, பாபு, நான். பூஜை நடந்த விதத்தைப் பாபு சொன்னான், ஒன்றும் விடாமல் சொன்னான். அரவிந்தன் சிரிக்கவில்லை, அதற்கே அவரைக் கும்பிடலாம். அவர் முன்னால் செட்டிங்குக்குள் போகிறேன், பாஸ்வேர்டு கேட்கவே இல்லை! நான் போட்ட பாஸ்வேர்டே அங்கே இல்லை. அதைக் குறித்துக்கொண்டார். பன்னிரண்டை அணைத்து, புதுப் பாஸ்வேர்டு போட்டு, எண்ணச் சொன்னேன். நாலு. மெஷினை நிறுத்தி ஒயரை அவரே பிடுங்கினார், கொஞ்ச நேரம் பொறுத்து அவரே சொருகினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நாலு என்றே வந்தது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அரவிந்தன் தன் லேப்டாப்பை மூடப் போனார். ஐயாவின் மேஜையில் இருந்த அந்த வெள்ளைப் பேப்பர்தான் என் கண்ணில் நின்றது. அப்போது பாபு பேசினான்: "சார், அன்னிக்கு ராத்திரி பூரா புடுங்கி கெடந்துச்சு சார். சொருகி எடுத்தா எப்படி சார்? சாப்ட்டு வந்து பாருங்க சார்."

"சரி சார், புடுங்கி போடுங்க. சாப்ட்டு வந்து பாப்போம்" என்றார் ஐயா. அறையைப் பூட்டிச் சாவியை அரவிந்தனிடம் கொடுத்தார். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து மூடினேன்.

திரும்பி வந்து அரவிந்தன் சொருகினார். திரையில் எழுத்து வந்து நின்றது, தேதி ஏதோ பழைய வருஷத்தைக் காட்டியது. "இதேதான் சார், இதேதான் அன்னிக்கும் கேட்டுச்சு" என்றான் பாபு. அரவிந்தன் எஃப் ஒன்னை அமுக்கினார். புரோகிராமை ஓட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்து, "பதினாறு மேடம்" என்றார். அந்த எண்ணைக் கேட்டு சந்தோஷப்படுவேன் என்று போன மாசம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

இன்று காலை அவர்கள் ஆபீஸிலிருந்து மெயில் வந்துவிட்டது. வேண்டுமென்று செய்ததில்லை, அபராதம் இல்லை. பதினாறும் ஓடின மாசங்களுக்கு வழக்கமான கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். "ஸ்பீடா ஓடுச்சில்ல, குடுத்தா இன்னா" என்றார் ஐயா. அந்தப் பேப்பரை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, "வூட்டுக்குப் போய் தூங்கும்மா. திங்கக்கெயம வா" என்றார். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, எனக்கு அதுவே போதும். பாபு புதுப் பேட்டரி வாங்கி வந்து, ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போடலாமா என்று கேட்டான். கையைத் தட்டிவிட்டேன்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. ரயிலில் வரும்போது உன் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். ஐயா என்னைக் கேட்டார், நீதானே திறந்துவிட்டாய் என்று. அரவிந்தன் மரியாதையாகக் கேட்டார். உன் அண்ணன்கூட, அவ்வளவு நல்ல மனுஷன், வண்டியில் போகும்போது மெதுவாகக் கேட்டார், "தாட்சா, நீ எதுவும் தொடலையே?" என்று. அவரைக் குற்றம் சொல்லவில்லை. ராத்திரியில் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன், ஞாபகமில்லாமல் தொட்டுத் தொலைத்தேனோ என்று. உன் மூன்று கடிதத்திலும் தேடிப் பார்த்தேன், ராதிகா. மெஷினைக் கேட்டிருக்கிறாய், ஒயரைக் கேட்டிருக்கிறாய், பூஜையைக் கேட்டிருக்கிறாய். என்னோடு பேசாமல் இருந்த நீ ஒருத்திதான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஏன் கேட்கவில்லை என்று மட்டும் எழுது.

உன் அண்ணி
தாட்சாயிணி


பெங்களூரு
11.3.2026

அன்புள்ள அண்ணி,

நேற்று ஓசூரில் ஒரு கம்பெனிக்கு எண்ணப் போயிருந்தேன். எட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், இருபத்து நாலு வந்தது. எதிரே நின்ற மனுஷருக்கு உங்கள் வயசு இருக்கும். முகம் அப்படியே வெளுத்துவிட்டது. வழக்கமாக நான் அந்த எண்ணை எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவேன், மற்றதெல்லாம் மெயிலில். நேற்று அவரை உட்காரச் சொன்னேன். தண்ணீர் குடித்தார். கடைசியாக மெஷினை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன், ஒரு மணி நேரம் பேசினார். அவர் கதை வேறு, தப்பு அவர்கள் பக்கம்தான். ஆனாலும் போகும்போது கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். என் வேலையில் யாரும் என்னை வழியனுப்பியதே இல்லை. எண்ணுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார் என்று உங்களால்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் எனக்கு நன்றி சொல்கிறீர்கள், நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் கடிதம் வந்தபிறகுதான் ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன்.

வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போது, பாதியை முழுசு என்று நான் சொன்னதற்கே நீங்கள் கரண்டியோடு வெளியே வந்து திருத்தினீர்கள். பதினாறை நாலு என்று எழுதிவிட்டு நாலு மாசம் வாயை மூடிக்கொண்டு இருக்க உங்களால் முடியுமா, அண்ணி?

ராதிகா